கல்லூரி முதல்வராக இருந்த தாத்தாவின் காகிதங்களை என்ன செய்வது?

வாசகர் கேள்வி: என் தாத்தா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு முதல்வராகி, எழுபதுகளின் இறுதியில் ஓய்வு பெற்றவர். ஆச்சியும் காலமாகிவிட்டதால் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து வீட்டை விற்க இருக்கிறோம். அரங்கு வீட்டில் (உள்ளறையில்) டிரங்குப் பெட்டிகளிலும் ஒரு மரப் பீரோவிலும் அவருடைய கடிதங்கள், டைரிகள், கல்லூரிக் கோப்புகள், வீட்டுக் கணக்கு நோட்டுகள், பத்திரங்கள், போட்டோக்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. 2023 வெள்ளத்தில் அடியிலிருந்த பெட்டி நனைந்து, பிறகு தானாகக் காய்ந்தது. கல்லூரியிலிருந்து விழா மலருக்காக முக்கியமானவற்றை மட்டும் கேட்கிறார்கள். பத்திரங்களை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார் சித்தப்பா. சில கடிதங்களை எரித்துவிட வேண்டும் என்கிறார் அத்தை. எதை வைப்பது, எதை விடுவது, யாரிடம் கொடுப்பது? நைந்தவற்றை லேமினேஷன் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு இப்போதே விடை தேட வேண்டாம் என்பதுதான் என் முதல் ஆலோசனை. வீடு கைமாறும் நாள் நெருங்கியதும் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று இரண்டு குவியலாகப் போடுவதே பெரும்பாலான குடும்பங்களில் நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் நடந்து முடிந்துவிடும் அந்தப் பிரிவினையைப் பிறகு எந்த ஆவணக் காப்பாளராலும் சரிசெய்ய முடிவதில்லை. வீட்டை விற்பது வேறு, காகிதங்களைத் தரம் பிரிப்பது வேறு. பெட்டிகளையும் பீரோவில் உள்ளவற்றையும் உள்ளே கிடக்கும் வரிசை கலையாமல் அத்தையின் வீட்டுக்கோ வேறோர் உலர்ந்த அறைக்கோ மாற்ற மட்டும் இப்போது ஏற்பாடு செய்யுங்கள். மாற்றுவதற்கு முன், பீரோவின் ஒவ்வொரு தட்டையும் ஒவ்வொரு பெட்டியின் மேற்பரப்பையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எதன் மேல் இருந்தது, எது எதற்குள் செருகப்பட்டிருந்தது என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

வரிசையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் பட்டியலிட்ட ஓர் ஆசிரியரின் தொகுப்பில் வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு பக்கத்தில் அரிசி, விறகு, பால் ஆகியவற்றுக்குக் கீழே, யாருக்கு என்று குறிப்பிடாமல், பரீட்சைக் கட்டணம் என்று ஒரு வரி. அதே பக்கத்தில் நான்காக மடித்த இன்லேண்டு கடிதம் ஒன்று செருகியிருந்தது. கரிசல்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு மாணவனின் தகப்பனார் எழுதியது. மழை பொய்த்ததில் பருத்தி போயிற்று, பையன் படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தார். அந்த நோட்டை வீட்டுச் சாமான் என்று ஒரு குவியலிலும், கடிதத்தைக் கல்லூரிச் சமாசாரம் என்று இன்னொரு குவியலிலும் போட்டிருந்தால், யார் யாருக்கு ஏன் பணம் கட்டினார் என்பதை இனி எவரும் அறிந்திருக்க முடியாது. ஒரு முதல்வரின் வீட்டுக் காகிதமும் அலுவலகக் காகிதமும் கலந்து கிடப்பதைக் குழப்பம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அவர் வாழ்ந்த முறையே அந்தக் கலப்புதான்.

நனைந்த பெட்டிக்கு மட்டும் உடனடிக் கவனம் வேண்டும். வெள்ளம் வடிந்த முதல் இரண்டு நாட்களுக்குள் தாள்களை நிழலில் மின்விசிறிக் காற்றில் பரப்பியிருந்தால் பூசணம் பிடிக்காமல் தடுத்திருக்கலாம். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் மனிதர்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்ததால், காகிதத்தைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அதனாலேயே திருநெல்வேலிப் பக்கம் எஞ்சி நிற்கும் குடும்பக் காகிதங்களுக்கு முன்னைவிட மதிப்புக் கூடியிருக்கிறது. பெட்டியை வீட்டுக்குள் திறக்காமல், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான நிழலான இடத்தில் திறங்கள். பூசணம் காய்ந்து தூளாக இருந்தால் மெல்லிய தூரிகையால் உங்களைவிட்டு விலகும் திசையில் துடைக்கலாம். கட்டியாக ஒட்டிப்போன தாள்களைப் பிரித்தெடுக்க முயலாதீர்கள். ஒட்டிய போட்டோக்களைப் பிய்த்தால் படம் இருக்கும் பூச்சுத்தான் முதலில் உரியும். அவற்றைத் தனி அட்டைப் பெட்டியில் வைத்து, காகிதப் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவரிடம் காட்டும்வரை தொடாமல் விடுவதே நல்லது. ஊற்றுப்பேனா மையில் எழுதியவற்றை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மண்ணோடு மண்ணாக எழுத்தும் போய்விடும்.

லேமினேஷன் வேண்டாம். சூட்டிலும் அழுத்தத்திலும் தாளோடு ஒட்டிப்போகும் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க வழி இல்லை. உள்ளே இருக்கும் தாள் பழுத்துக்கொண்டேதான் இருக்கும். செலோ டேப்பும் அப்படியே; சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், பசையின் மஞ்சள் கறை மட்டும் எழுத்தின் மேல் தங்கும். பீரோவில் அந்துருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். இராமபாணப் பூச்சியையும் கறையானையும் தடுப்பது துப்புரவும் காற்றோட்டமும்தான். அரங்கு வீட்டில் வெளிச்சம் புகாததால் தாத்தாவின் மை இதுவரை வெளிறாமல் இருந்திருக்கும். ஆனால் காற்றும் புகாததால் பூச்சிக்கு அது தோதான இடம். புதிய இடத்தில் பெட்டிகளைத் தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) நேர் கீழே உள்ள மச்சில் மட்டும் வைக்காதீர்கள். நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் அங்கே ஏறும் சூட்டில் பழைய தாள் அப்பளமாக நொறுங்கும்.

அடுத்தது பட்டியல். பெட்டிக்கு ஓர் எண், பெட்டிக்குள் உள்ள ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண் என்று கொடுத்து, ஒரு நோட்டில் கட்டுக்கு இரண்டு வரி எழுதினால் போதும்: என்ன வகைக் காகிதம், ஏறக்குறைய எந்த ஆண்டுகள், யார் எழுதியது. எண்ணைத் தாளின் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா தொடவே வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றினால், அது எந்தத் தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்ததோ அவற்றை ஒரு வெள்ளைத் தாள் உறைக்குள் சேர்த்தே வையுங்கள். மெல்லிய தாளில் கார்பன் வைத்து எடுத்த நகல்கள் கிடைத்தால் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். வந்த கடிதங்களை எல்லாரும் வைத்திருப்பார்கள். போன கடிதத்தில் என்ன எழுதினார் என்பது அந்தக் கார்பன் நகலில் மட்டுமே இருக்கும்.

தேதி குறிப்பதில் ஒரு சிக்கல் வரும். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் ஓலைகளிலும் கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக்கணக்கு சாதாரணம். அது இங்கே ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் ஆங்கில ஆண்டு முடியும்வரை உள்ள தேதிகளுக்கு 824ஐயும், தை தொடங்கி ஆடி வரை உள்ளவற்றுக்கு 825ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள்; கொல்லம் 1099 ஆடி என்றால் 1924. மார்கழி மட்டும் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைத்திருப்பதால் நாளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கடிதங்களில் பிரபவ முதலான ஆண்டுப் பெயர் இருந்தால், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதை மறக்க வேண்டாம். சுபகிருது என்பது 1962-63ஆகவும் இருக்கலாம், 1902-03ஆகவும் இருக்கலாம். அஞ்சல் முத்திரையும் தபால்தலையும் பார்த்தால் தெளிந்துவிடும். தேதியே இல்லாத போட்டோக்களை அத்தைக்கு முன்னால் வைத்து, அவர் பெயர் சொல்லச் சொல்லப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலையைத்தான் உண்மையில் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல இன்று உங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

பட்டியல் முடிந்ததும் காகிதங்கள் யார் யாருடையவை என்பது துலங்கும். சொத்துப் பத்திரம், பட்டா, உயில், காப்பீடு, ஓய்வூதியத் தாள்கள் குடும்பத்துக்கு உரியவை. சித்தப்பா சொல்வது இந்த அளவில் சரி. ஆனால் செல்லாமல் போன பழைய பத்திரங்களையும் அவர் வீசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலம் விற்றுப் போயிருந்தாலும், எல்லை குறிக்கும் நான்கு மாலில் வரும் வாய்க்கால், குளம், பக்கத்து நிலத்துக்காரர் பெயர்களுக்காக ஆய்வாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். கல்லூரியின் கூட்ட நடவடிக்கைப் புத்தகம், வருகைப் பதிவேடு, ஆசிரியர்களின் பணிப்பதிவேடு, அவர்களைப் பற்றிய இரகசிய அறிக்கை போன்றவை இருந்தால், அவை தாத்தாவின் வீட்டில் இருந்தாலும் தாத்தாவுடையவை அல்ல. அந்தக் காலத்தில் முதல்வர்கள் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து இரவில் பார்ப்பதும், அது அப்படியே வீட்டில் தங்கிப்போவதும் சாதாரணமாக நடந்ததுதான். அவற்றை ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கல்லூரிக்குத் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பெட்டியில் இருந்து எடுத்தீர்கள் என்பதை உங்கள் பட்டியலில் குறித்துவையுங்கள்.

மிச்சம் இருப்பவை அவருடைய சொந்தக் காகிதங்கள். இவற்றின் அருமையைக் குடும்பங்கள் பெரும்பாலும் தலைகீழாகக் கணிக்கின்றன. பாராட்டு மடலும், சட்டம் போட்ட வாழ்த்துப் பாவும், மேடைப் பேச்சின் தட்டச்சுப் பிரதியும் பத்திரமாக இருக்கும். கணக்கு நோட்டும் தபால் அட்டையும் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகும். நான் கேட்டுக்கொள்வது இதற்கு நேர்மாறு. உங்கள் தாத்தா பணியாற்றிய காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பின் அதனோடும் இணைந்திருந்தன; மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல்தான் வந்தது. ஆகவே பல்கலைக்கழகத் தரப்பு ஆவணங்கள் சென்னையிலும் மதுரையிலும் இருக்க, திருநெல்வேலித் தரப்பு என்ன நினைத்தது என்பதற்கு அன்றைய முதல்வர்களின் மேசை இழுப்பறைகளைத் தவிர வேறு இடம் அதிகம் இல்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கல்லூரிகளை மூடச் சொன்ன உத்தரவு அரசுக் கோப்பில் கிடைக்கும். விடுதி மாணவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு வந்து ஒரு முதல்வர் டைரியில் எழுதிய நான்கு வரி அங்கே கிடைக்காது. 1976இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்து நிர்வாகத்துக்கும் முதல்வருக்கும் இடையிலான உறவு மாறியதும், 1978இல் பள்ளியில் மேல்நிலை வகுப்பு தொடங்கியதைத் தொடர்ந்து புகுமுக வகுப்பு (பி.யு.சி.) கல்லூரியைவிட்டுப் போனதும் அவருடைய பணிக்காலத்துக்குள் வருகின்றன. அந்த ஆண்டுகளின் டைரியும் கார்பன் நகல்களும் இருந்தால் அவைதான் இந்தத் தொகுப்பின் உயிர்நிலை.

வீட்டுக் காகிதங்களிலும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கினால் உறவுமுறையும் ஊர்களும் தொழில்களும் பட்டங்களும் தலைமுறை தலைமுறையாக மாறுவது தெரியும். துக்கச் செய்திக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போடுவது நம் வழக்கம் என்பதால் அவை எஞ்சுவதே அபூர்வம். ஏதாவது ஒன்று தப்பியிருந்தால் அதற்காகவே வைக்க வேண்டும். ஆச்சியின் கையெழுத்தில் உள்ள எதையும், சலவைக் கணக்காக இருந்தாலும், தள்ளாதீர்கள். முதல்வரின் மனைவி என்று மட்டும் விழா மலரில் இடம்பெறும் ஒருவர் தம் கையால் எழுதியது வேறெங்கும் இருக்கப்போவதில்லை.

கல்லூரியின் கோரிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். முக்கியமானவற்றை மட்டும் கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் மலர்க்குழுவுக்கு வேண்டியது ஒரு நல்ல போட்டோ, ஒரு தலைவரின் கடிதம், ஒரு திறப்பு விழா அழைப்பிதழ். அவற்றின் மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள். அச்சகத்துக்குப் போன போட்டோ திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டது குறைவு. நீங்களே ஸ்கேன் செய்து கோப்பாகக் கொடுங்கள். எழுத்துக்கு 300, போட்டோவுக்கு 600 புள்ளி அடர்த்தி (டி.பி.ஐ.) போதும். அந்தக் கோப்புகளை ஒரே கணினியில் விட்டுவிடாமல் இரண்டு வன்தட்டுகளிலும், வெளியூரில் இருக்கும் ஒருவரிடத்திலும் வையுங்கள். ஸ்கேன் செய்துவிட்டால் மூலம் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

அத்தை எரிக்கச் சொல்லும் கடிதங்களைப் பற்றி நீங்கள் சற்றுக் கோபத்தோடு எழுதியிருப்பதாகத் தோன்றியது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கல்லூரி முதல்வருக்கு வந்த கடிதங்களில் பாதி, மற்றவர்களின் சொந்தச் சங்கடங்கள்: விடுதியில் அகப்பட்ட மாணவனின் மன்னிப்புக் கடிதம், மகளின் படிப்பை ஏன் நிறுத்துகிறேன் என்று ஒரு தகப்பன் எழுதியது, சக ஆசிரியரைப் பற்றிக் கையெழுத்தில்லாமல் வந்த புகார், கடன் கேட்டது, சாதிச் சண்டை. எழுதியவர்களில் பலர் இன்னும் நம் ஊரிலேயே பேரன் பேத்திகளோடு இருப்பார்கள். குடும்பத்துக்குள் நடந்த மனத்தாங்கலும் அவற்றில் இருக்கும். அதைப் பேத்தியைவிட மகள் நன்றாக அறிவார். எரிப்பதும் திறந்து வைப்பதும் மட்டுமே வழி என்று இருவரும் நினைப்பதால்தான் தகராறு. மூன்றாவது வழி ஒன்று ஆவணக் காப்பகங்களில் நெடுநாளாக நடைமுறையில் இருக்கிறது. அத்தை குறிப்பிடும் கடிதங்களை அவரே ஓர் உறையில் இட்டு ஒட்டி, இன்ன ஆண்டுவரை யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முப்பது ஆண்டா, அறுபது ஆண்டா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்களும் அந்த உறையைத் திறக்கமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுங்கள். அதன் பிறகும் அவர் மனம் ஒப்பாத ஓரிரண்டு கடிதங்கள் இருந்தால், அவை அவருக்கே எழுதப்பட்டவையாகவோ அவரைப் பற்றியவையாகவோ இருக்கும் பட்சத்தில், எரித்துவிடுகிறேன் என்று அவர் சொல்வதைத் தடுக்க நான் துணியமாட்டேன். காப்பகத்தில் வேலை செய்பவன் இப்படி எழுதுவது சக ஊழியர்கள் சிலருக்குப் பிடிக்காது.

சட்டத்தையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். வந்த கடிதத்தின் தாள் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தம்; அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் சொந்தம், அதுவும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் வாழ்நாளில் வெளியிடப்படாத எழுத்தானால், அது முதன்முதலில் வெளியாகி 60 ஆண்டுவரை. எனவே பிறர் கடிதத்தை விழா மலரிலோ முகநூலிலோ முழுமையாக வெளியிட உங்களுக்குத் தானாக உரிமை வந்துவிடாது. பாதுகாக்கவும் காப்பகத்தில் சேர்க்கவும் தடை இல்லை. தாத்தா எழுதியவற்றின் உரிமை, உயில் இல்லாத நிலையில், மகன்களுக்கு மட்டுமன்றி மகள்களுக்கும் உண்டு. பத்திரம் என்றால் அத்தைமாரிடம் கையெழுத்து வாங்கும் குடும்பங்கள்கூட, காகிதம்தானே என்று இதில் அவர்களைக் கேட்பதில்லை. எங்கே கொடுத்தாலும் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்ட ஒரே கடிதமாகக் கொடுங்கள். ஆளுக்கொரு பெட்டி என்று பங்கு பிரிப்பதற்கு மட்டும் யார் சொன்னாலும் இசைய வேண்டாம்.

எங்கே கொடுப்பது என்பதற்கு, அருகில் இருக்கும் இடத்தையே முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்: அவர் பணியாற்றிய கல்லூரியின் நூலகம், அடுத்து அபிஷேகப்பட்டியில் உள்ள பல்கலைக்கழகம். சென்னையில் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும், 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் விசாரிக்கலாம். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் நேரில் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே இப்படி வந்த தொகுப்பு ஏதாவது இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பட்டியல் இருக்கிறதா, கேட்டவுடன் எடுத்துத் தர முடிகிறதா, அறை ஒழுகுகிறதா என்று கவனியுங்கள். மாலை போட்டு வாங்கிய தொகுப்பு மாடிப்படியின் அடியில் கிடந்தால் அங்கே கொடுக்க வேண்டாம், தாத்தா இருபத்தைந்து ஆண்டு உழைத்த இடமாகவே இருந்தாலும். கொடுக்கத் தீர்மானித்ததும் எழுத்துமூலம் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கொடையா, இரவலா, தொகுப்பை ஒன்றாக வைப்பார்களா, மூடிய உறையை மதிப்பார்களா, வேண்டாமென்று கழிப்பதை வீசாமல் உங்களிடமே திருப்புவார்களா, குடும்பத்தார் வந்து பார்க்கவும் நகல் எடுக்கவும் வழி உண்டா, ஆய்வாளர்களுக்குக் கட்டணம் உண்டா. இந்த ஆறும் அதில் இருக்க வேண்டும். தருமமாகத் தருகிறோம், ஒப்பந்தம் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். நல்ல காப்பகமாக இருந்தால் அவர்களே படிவத்தை நீட்டுவார்கள்.

பழைய பேப்பர்காரருக்கும் கொஞ்சம் உண்டு என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். ஒரே சுற்றறிக்கையின் பத்துப் பிரதியில் ஒன்பது, எழுதாத படிவங்கள், நூலகங்களில் கிடைக்கும் அச்சுப் பத்திரிகைகள், தாத்தா ஓரத்தில் எதுவும் குறிக்காத பாடப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பட்டியல் முடிந்தபின் போடலாம். செய்தித்தாள் நறுக்குகளை ஸ்கேன் செய்தபின் விலக்கலாம். அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். மாணவர்களின் பெயரும் மதிப்பெண்ணும் உள்ள பழைய விடைத்தாள் கட்டு ஏதாவது கிடந்தால் அதை மட்டும் எடைக்குப் போடாமல் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடுங்கள்.